ஐந்து குட்டி ராஜாக்களின் சபையில் குளோரியா மொலினா

1991 ஜனவரி 17 அதிகாலையில் பாக்தாத் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 22 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் முதல் தொகுதியில் ஒரு சிறப்புத் தேர்தல். நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து போரைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் உள்ளூர்ப் பதவிக்கான ஓட்டை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் குறைவுதான். ஆனால் அந்தத் தேர்தலில் முன்னணியில் நின்ற நான்கு வேட்பாளர்களும் மெக்சிகோ வழிவந்தவர்கள். அந்தக் கவுண்டியின் வரலாற்றில் அப்படி ஒரு போட்டி அதற்கு முன் நடந்ததே இல்லை.

அமெரிக்கக் கவுண்டியை நம்மூர் மாவட்டத்தைப் போல நினைத்துக்கொள்ளலாம். அங்கே மேலிருந்து ஆட்சியர் ஒருவரை அனுப்பிவைக்க மாட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களே ஆள்வார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அந்த வேலையைப் பார்ப்பது ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழு. அரசு மருத்துவமனை, சிறை, பொதுச் சுகாதாரம், ஏழைகளுக்கான உதவித்தொகை எல்லாம் அவர்கள் கையில். விதி வகுப்பவர்களும் அவர்கள்தான், நிறைவேற்றுபவர்களும் அவர்கள்தான். 1990 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 88 லட்சத்தைத் தாண்டியது. ஆளுக்குச் சுமார் 18 லட்சம் பேர். ‘ஐந்து குட்டி ராஜாக்கள்’ என்று உள்ளூரில் பட்டப்பெயர் வைத்ததில் மிகை ஒன்றும் இல்லை.

அந்த மக்கள்தொகையில் 37.8 விழுக்காட்டினர் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர் கொண்டவர்கள். ஆண்களை லத்தீனோ என்றும் பெண்களை லத்தீனா என்றும் சொல்வார்கள். ஆனால் 1875க்குப் பிறகு குழுவின் ஐந்து நாற்காலிகளில் ஒன்றில்கூட ஒரு லத்தீனோ உட்கார்ந்ததில்லை. ஸ்பானியப் பெயர் தாங்கிய நகரத்தில், மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய மண்ணில், நூற்றுப் பதினைந்து ஆண்டுகளாக இந்த நிலை. பெண்கள் கணக்கும் இதைவிடத் தேறாது. 1979இல் கறுப்பினத்தவரான இவான் பிரத்வெய்ட் பர்க்கை மாநில ஆளுநர் நியமித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே அவர் தோற்றுப்போனார். தேர்தலில் வென்று அந்தக் குழுவுக்குள் போன பெண் என்று ஒருவரும் இல்லை.

இதற்குக் காரணம் தகுதியான வேட்பாளர் கிடைக்காதது அல்ல. எந்தப் பதவிக்குப் போட்டியிட யாருக்கு அனுமதி, தொகுதியின் எல்லைக் கோடு எந்தத் தெருவழியே போகிறது என்ற இரண்டும்தான் ஒரு லத்தீனாவின் வெற்றியை அவர் மேடை ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துவந்தன. கோடு நகர்ந்த பிறகே வேட்பாளரின் திறமைக்கு வேலை வந்தது. அப்போது அவரை வழிமறித்தவர்கள் சொந்தச் சமூகத்து ஆண்கள்.

பதவியின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூ மெக்சிகோ ஒரு பழைய சான்று. மாநிலமாவதற்கு முன் 1910இல் எழுதப்பட்ட அதன் அரசியல் சாசனம் பெண்களுக்குப் பொது வாக்குரிமையை மறுத்தது; பள்ளித் தேர்தல்களில் மட்டும் வாக்களிக்கலாம், கவுண்டிப் பள்ளிக் கண்காணிப்பாளர் போன்ற சில பதவிகளை வகிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. குழந்தை, பள்ளிக்கூடம் இரண்டும் பெண்களின் துறை என்ற நினைப்பில் திறந்துவிட்ட சின்னக் கதவு அது. அதன் வழியே நுழைந்தவர் நீனா ஒட்டேரோ-வாரன். 1917இல் சாண்டா ஃபே கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளராக நியமனம் பெற்று, 1918 தேர்தலில் ஆண் வேட்பாளர் ஒருவரைத் தோற்கடித்து, 1929 வரை அந்தப் பதவியில் இருந்தார். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1920இல்தான். ஒட்டேரோ, லூனா என்ற இரண்டு பெரிய நிலவுடைமைக் குடும்பங்களின் வாரிசு என்பதால் பெயரும் செல்வாக்கும் அவருக்குக் குறைவில்லை. ஆனால் 1922இல் நாடாளுமன்றத்துக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றபோது கதை மாறியது. தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் உண்மையில் விவாகரத்தானவர் என்று அவருடைய உறவினர் ஒருவரே வெளியே சொல்லிவிட்டார். தோல்வி. பள்ளிக்கூடத்தோடு நிற்கும்வரை யாரும் கிளறாத குடும்பக் கதை, வாஷிங்டன் என்றதும் தெருவுக்கு வந்துவிட்டது. 2022இல் அவர் உருவத்தைக் கால் டாலர் நாணயத்தில் பொறித்தார்கள்.

கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள எட்வர்ட் ராய்பாலிடமிருந்து தொடங்க வேண்டும். 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்துக்குத் தேர்வான ராய்பால் 1958இல் கவுண்டிக் குழுவின் மூன்றாம் தொகுதிக்கு எர்னஸ்ட் டெப்ஸை எதிர்த்து நின்றார். முதலில் அவர் வென்றதாகவே செய்தி வந்தது. வாக்குகளைத் திரும்பத் திரும்ப எண்ணி முடித்தபோது 393 வாக்கில் தோற்றிருந்தார். அடுத்த ஆண்டே தொகுதி எல்லை மாறியது. மூன்றாம் தொகுதி மேற்கே நீண்டு வெள்ளையர் பகுதிகளை உள்ளே இழுத்துக்கொண்டது. இனி எந்த லத்தீனோவும் 393 வாக்கு நெருக்கத்துக்கு வரவே முடியாதபடி செய்தாயிற்று. இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது. முப்பது ஆண்டு கழித்துக் கூட்டாட்சி நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதிய முடிவு இது.

குளோரியா மொலினா அந்தக் கவுண்டியில் வளர்ந்தவர். 1948இல் பிறந்தவர், பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். சட்ட அலுவலகத்தில் செயலாளர் வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போனார். அவரை அரசியலுக்குள் இழுத்து வந்தது, கவுண்டியே நடத்திய ஒரு மருத்துவமனையில் நடந்த கொடுமை. 1970களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோ வழிப் பெண்கள் பலருக்கு அவர்களின் உண்மையான சம்மதம் இல்லாமலே கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். இடுப்புவலியில் துடிக்கும் நேரத்தில், ஆங்கிலம் தெரியாத பெண்ணிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது நடைமுறையாகவே இருந்தது. பயிற்சி மருத்துவர் ஒருவர் தகவல்களைத் திரட்டி வெளியே கொண்டுவந்தார். பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மொலினா முன்னின்று நடத்திய கொமிசியோன் ஃபெமெனில் என்ற பெண்கள் அமைப்பு அவர்களோடு சேர்ந்துகொண்டது. 1978இல் நீதிபதி மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பம் என்றார். வழக்கு தோற்றாலும் ஸ்பானிய மொழியில் சம்மதப் படிவம், அறுவைக்கு முன் காத்திருப்புக் காலம் போன்ற விதிகள் அதன் அழுத்தத்தால் வந்தன.

அந்த மருத்துவமனைக்குப் பணம் ஒதுக்கியவர்களும் அதை நிர்வகித்தவர்களும் ஐந்து குட்டி ராஜாக்கள்தான். எந்த நாற்காலி வேண்டும் என்று மொலினாவுக்குத் தெரிந்திருக்க இது ஒன்றே போதும்.

ஆனால் அவருடைய முதல் தேர்தல் கவுண்டிக்கு அல்ல. 1970களில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆர்ட் டோரஸிடம் உதவியாளராக இருந்தார். பிறகு அதிபர் கார்ட்டரின் வெள்ளை மாளிகையில் பணி. 1982இல் டோரஸ் மேலவைக்குப் போட்டியிட்டதால் அவருடைய சட்டமன்றத் தொகுதி காலியானது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அரசியலை நடத்திவந்த டோரஸும் ரிச்சர்ட் அலட்டோரேவும் அங்கே ரிச்சர்ட் பொலாங்கோவை நிறுத்த முடிவெடுத்திருந்தார்கள். மொலினா நிற்க விரும்பியபோது அவருக்குக் கிடைத்த பதில்: கொஞ்சம் பொறு. பெண்ணால் பணம் திரட்ட முடியாது, இந்தப் பகுதியில் பெண்ணுக்கு ஓட்டு விழாது என்று காரணங்களும் கூடவே வந்தன. அவர் பொறுக்கவில்லை. பெண்கள் அமைப்பில் பழகிய தோழிகளை வைத்து வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்து முதன்மைத் தேர்தலில் பொலாங்கோவைத் தோற்கடித்தார். கலிபோர்னியச் சட்டமன்றத்தின் முதல் லத்தீனா அவர்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மாநில அரசு ஒரு சிறைச்சாலை கட்டத் திட்டமிட்டபோது மொலினா எதிர்த்து நின்றார். தேவாலயத்தைச் சுற்றித் திரண்ட தாய்மார்கள் ‘கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அன்னையர்’ என்ற பெயரில் வாராவாரம் ஊர்வலம் போனார்கள். அந்தச் சிறை கடைசிவரை எழும்பவில்லை. அரசியல் தலைவர்களின் கைப்பிடிக்குள் அடங்காத அந்தப் பெண்கள் கூட்டமும் மொலினாவும் ஒருவருக்கொருவர் பலமானார்கள். 1987இல் அவர் நகர மன்றத்துக்கு வந்தார், அங்கேயும் முதல் லத்தீனாவாக. அந்த நகரத் தொகுதியே மத்திய நீதித்துறை தொடுத்த வழக்கின் விளைவாக உருவானது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கவுண்டி வழக்கு அதைவிடப் பெரியது. 1981இல் குழு தன் எல்லைகளைத் திருத்தியமைத்தபோது லத்தீனோ அமைப்புகள் மாற்று வரைபடம் கொடுத்தன. குழுவில் அப்போது மூன்று பழைமைவாதிகள், இரண்டு தாராளவாதிகள். எல்லைத் திருத்தத்துக்கு ஐந்தில் நான்கு வாக்கு வேண்டும் என்பது விதி. எனவே இரு தரப்பும் கைகுலுக்கியே ஆக வேண்டும். கைகுலுக்கினார்கள். கொள்கையில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் அவரவர் நாற்காலியைக் காப்பதில் ஒன்றானார்கள். கிழக்குப் பகுதியின் லத்தீனோ குடியிருப்புகள் பழையபடியே தொகுதிகளுக்கிடையே பிளவுபட்டுக் கிடந்தன. தாராளவாதிகள் இருவரின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1988 ஆகஸ்டில் மெக்சிகோ அமெரிக்கர்களின் சட்டப் பாதுகாப்பு நிதியமும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் வழக்குத் தொடுத்தன. மத்திய நீதித்துறையும் பின்னாலேயே வந்தது. கார்சா வழக்கு என்று இதற்குப் பெயர். விசாரணை மூன்று மாதம் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் மோர்கன் கௌசரும் ஒருவர். பழைய எல்லை மாற்றங்களைத் தோண்டியெடுத்து, அவற்றுக்குப் பின்னால் என்ன நோக்கம் இருந்தது என்று விளக்குவது அவர் வேலை. வரலாற்று ஆய்வு ஒரு தேர்தலின் போக்கை மாற்றிய அரிய தருணங்களில் இது ஒன்று. 1990 ஜூன் 4 அன்று நீதிபதி டேவிட் கென்யன் தீர்ப்பளித்தார்: லத்தீனோ மக்களைச் சிதறடித்தது தற்செயல் அல்ல, தெரிந்தே செய்தது.

இதில் சட்டம் அறிந்தவர்களைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. உறுப்பினர்களுக்கு லத்தீனோக்கள் மீது வெறுப்பு இருந்ததாக யாரும் நிறுவவில்லை. தங்கள் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தார்கள். அது இனப்பாகுபாடா? மேல்முறையீட்டு நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி தன் குறிப்பில் ஒரு வீட்டுக்காரரைக் கற்பனை செய்தார். வெள்ளையர் மட்டுமே வசிக்கும் தெரு. அந்த வீட்டுக்காரருக்கு மற்ற இனத்தவர் மீது எந்தக் கசப்பும் கிடையாது. ஆனால் அவர்கள் குடிவந்தால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தார் ஓத, அவர்களுக்கு வீட்டை விற்பதில்லை என்ற ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போடுகிறார். பணத்துக்காகச் செய்தார் என்பதால் அது பாகுபாடு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்றார் கோசின்ஸ்கி. அதே கோசின்ஸ்கி இன்னொரு விஷயத்தில் மற்ற நீதிபதிகளோடு முரண்பட்டார். தொகுதிகளை மொத்த மக்கள்தொகையை வைத்துச் சமமாகப் பிரிப்பதா, வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்களை வைத்தா? பெரும்பான்மை நீதிபதிகள் மொத்த மக்கள்தொகை என்றார்கள். குழந்தைகளும் குடியுரிமை பெறாதவர்களும் கவுண்டியின் சேவைகளைப் பயன்படுத்துகிறவர்கள்தானே என்பது அவர்கள் வாதம். இதன் விளைவு நேரடியாகப் பிரசாரக் களத்தில் தெரிந்தது. புதிய முதல் தொகுதியில் சுமார் 71 விழுக்காடு லத்தீனோக்கள். ஆனால் அவர்களில் பலர் ஓட்டுப் போடும் வயதையோ குடியுரிமையையோ எட்டாதவர்கள்.

இடையில் ஒரு விநோதம் நடந்தது. பழைய முதல் தொகுதியின் உறுப்பினர் பீட் ஷாபரம் 1990இல் மறுபடி நிற்கவில்லை. ஜூன் முதன்மைத் தேர்தலில் அதே பழைய எல்லைக்குள் முதலிடம் பிடித்தவர் அவரிடம் நெடுங்காலம் பணியாற்றிய சாரா ஃப்ளோரஸ். மெக்சிகோ வழிவந்தவர், பெண், குடியரசுக் கட்சிக்காரர். லத்தீனோக்கள் வெல்லவே முடியாது என்று சொல்லப்பட்ட தொகுதியில் ஒரு லத்தீனா முன்னிலையில்! நவம்பர் இரண்டாம் சுற்றில் வென்றிருந்தால் வரலாற்றில் முதல் பெயர் அவருடையதாக இருந்திருக்கும். ஆனால் எல்லையே சட்டவிரோதம் என்றானபின் அந்த எல்லைக்குள் நடந்த தேர்தல் எப்படிச் செல்லும்? நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஃப்ளோரஸின் மனக்கசப்பில் நியாயம் உண்டு. வழக்கின் வாதத்திலும் நியாயம் உண்டு: ஒரு வேட்பாளரின் குடும்பப்பெயர் என்ன என்பதல்ல, அந்த மக்கள் தாங்கள் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க முடிந்ததா என்பதே சட்டம் கேட்ட கேள்வி. 1991 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் கவுண்டியின் மனுவை ஏற்க மறுத்தது. தேர்தலுக்கு மிச்சம் பதினைந்தே நாள்.

ஜனவரி 22 முடிவில் மொலினா முதலிடம், டோரஸ் இரண்டாமிடம், ஃப்ளோரஸ் மூன்றாமிடம், மேலவை உறுப்பினர் சார்லஸ் கால்டரான் அடுத்து. யாருக்கும் பாதி கிடைக்காததால் முதல் இருவருக்குமிடையே பிப்ரவரி 19இல் இறுதிச் சுற்று. ஒருகாலத்தில் டோரஸின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர் இப்போது அவருக்கு எதிரே. கொள்கையில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவமனை, வேலைவாய்ப்பு, குடியேறியவர் உரிமை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே குரல். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கட்டாயக் கருத்தடைக்கு இடம் கொடுத்த கலிபோர்னியாவின் பழைய சட்டத்தை 1979இல் நீக்க மசோதா கொண்டுவந்தவர் இதே டோரஸ். அவரை வெறும் வில்லனாக்கும் கதைகள் இதை வசதியாக விட்டுவிடுகின்றன.

ஆகவே போட்டி நடை பற்றியதானது. டோரஸ் பின்னால் மாநிலத் தலைநகரின் பணமும் அலட்டோரே வட்டாரமும். மொலினா அவரைச் சலுகை தேடுவோரின் கூட்டாளி என்று தாக்கினார். தன்னை யாருக்கும் கடன்படாதவர் என்று முன்னிறுத்தினார். கட்சிக்குள் அவருக்கு முரட்டுப் பேர்வழி என்ற பெயர் இருந்தது. டோரஸ் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது: ஐந்து பேர் குழுவில் எல்லோரோடும் ஒத்துப்போகாமல் எப்படி வேலை நடக்கும்? வாக்காளர்கள், குறிப்பாகப் பெண்கள், அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் போலும். 393 வாக்கில் வாய்ப்பை இழந்த ராய்பாலும் மொலினா பக்கமே நின்றார். முடிவு 55க்கு 45.

மார்ச்சில் பதவியேற்றார். அதோடு குழுவின் பெரும்பான்மை பழைமைவாதிகளிடமிருந்து கைமாறியது. கென்னத் ஹான், எட் எடல்மன், மொலினா ஒரு பக்கம். டீன் டேனா, மைக் அன்டோனோவிச் மறுபக்கம். ஆனால் மொலினா எந்தப் பக்கத்துக்கும் செல்லப்பிள்ளையாக இருக்கவில்லை; உயரதிகாரிகளின் ஓய்வூதியச் சலுகைகளைக் கிழித்து எடுத்தார். எல்லாவற்றிலும் வென்றார் என்றும் சொல்ல முடியாது. பழைய கவுண்டி மருத்துவமனைக்குப் பதிலாகப் புதியது கட்டும் விவாதத்தில் 750 படுக்கை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். 1997இல் குழு 600 படுக்கையோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தில் ஒரு வாக்கின் எல்லை எது என்று காட்டிய இடம் அது. புதிய கட்டடம் 2008இல் திறந்தது. பதவிக்கால வரம்பு வந்து 2014 இறுதியில் விலகும்வரை இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். 2023 மே மாதம் காலமானார்.

அவர் இறுதிச் சுற்றில் வென்ற அதே 1991 பிப்ரவரியில்தான் கொலம்பியாவின் பொகோத்தாவில் லீனா இடால்கோ பிறந்தார். டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி, அதாவது ஹூஸ்டன், இவரைத் தேர்ந்தெடுத்த விதம் முற்றிலும் வேறு. அங்கே கவுண்டித் தலைவரைக் ‘கவுண்டி நீதிபதி’ என்பார்கள், வழக்கு விசாரிப்பது அவர் வேலையாக இல்லாவிட்டாலும். மொத்தக் கவுண்டியும் சேர்ந்து வாக்களிக்கும் பதவி என்பதால் எல்லைக் கோட்டுத் தந்திரத்துக்கு இடமில்லை. 2018இல், முன்பு எந்தப் பதவியும் வகிக்காத 27 வயது இடால்கோ, 2007 முதல் அந்தப் பதவியில் இருந்த, எதிர்க்கட்சியினரும் மதித்த எட் எம்மெட்டை எதிர்த்து நின்றார். முந்தைய ஆண்டின் ஹார்வி புயல் வெள்ளத்தில் பேர் வாங்கிய நிர்வாகி எம்மெட். ஆனால் டெக்சாஸில் அப்போது ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் வாக்களிக்கும் முறை இருந்தது. ஜனநாயகக் கட்சி அலை அடிக்க, 12 லட்சம் வாக்குகளில் சுமார் 19,000 வித்தியாசத்தில் இடால்கோ வென்றார். இதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. பாதி உண்மை. 2020 முதல் அந்த முறை டெக்சாஸில் இல்லை. 2022இலும் அவர் கிட்டத்தட்ட அதே வித்தியாசத்தில் வென்றதால் மீதிப் பாதியும் கணக்கில் வருகிறது.

பதவியேற்ற மூன்றாம் மாதமே, 2019 மார்ச்சில், டியர் பார்க் என்ற ஊரில் வேதிப்பொருள் கிடங்கு பற்றியெரிந்தது. செய்தியாளர் கூட்டத்தில் இடால்கோ ஆங்கிலத்தில் சொன்னதை ஸ்பானியத்திலும் சொன்னார். பக்கத்துக் கவுண்டியின் பிரதிநிதி ஒருவர், இது மெக்சிகோ அல்ல, ஆங்கிலத்தில் பேசட்டும் என்கிற தொனியில் எழுதிவைத்துப் பிறகு மன்னிப்புக் கேட்டார். புகை பரவும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்ற அறிவிப்பு புரியாமல் போனால் என்னவாகும் என்பதை, அரை நூற்றாண்டுக்கு முன் பிரசவ அறையில் படிவம் நீட்டப்பட்ட பெண்களிடம் கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண்களிடம் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக் குழு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2018இல். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மொலினாவின் தொகுதியில் அவருக்குப் பின் வந்த ஹில்டா சோலிஸ், ஒபாமா அரசின் முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர். 2020 தேர்தலோடு குழுவின் ஐந்து உறுப்பினர்களும் பெண்களானார்கள். ராஜாக்கள் என்ற பட்டப்பெயரை அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. ஆனால் கவுண்டி மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் லத்தீனோக்கள். அந்த ஐந்து பேரில் லத்தீனா சோலிஸ் ஒருவரே.

குழுவைப் பெரிதாக்கும் யோசனையை வாக்காளர்கள் 1976, 1992, 2000 ஆண்டுகளில் நிராகரித்திருந்தார்கள். 2024 நவம்பரில் மிகக் குறுகிய வித்தியாசத்தில் அது நிறைவேறியது. 2028இல் மொத்தக் கவுண்டியும் சேர்ந்து ஒரு நிர்வாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். 2032க்குள் ஐந்து தொகுதிகள் ஒன்பதாகும். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த ஒன்பது தொகுதிகளின் எல்லையை வரையப்போவது உறுப்பினர்கள் அல்ல, குடிமக்களைக் கொண்ட தனி ஆணையம். ஹூஸ்டன் வகைப் பதவியும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் வகைத் தொகுதியும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் முதன்முறையாக அருகருகே இருக்கப்போகின்றன. நிர்வாகத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் ஒரு லத்தீனா ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் கவுண்டி முழுவதும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியிருக்கும்.